விசையின் இடமும் எழுத்தின் இடமும்: லினக்ஸ் மடிக்கணினிகளில் தமிழ் விசைப்பலகை அமைவுகள் – ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

தமிழ் வரிவடிவ வரலாறு, அச்சு வரலாறு, எழுத்துச் சீர்திருத்தம் ஆகியவை பற்றி ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. எழுத்துக்களை எந்தெந்த விசையில் அமைப்பது என்னும் பொருள் மட்டும் பொறியாளரின் பணியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. எனினும் விசைப்பலகையின் தளக்கோலம் வெறும் இட ஒதுக்கீடு அன்று. ஒரு மொழியின் எழுத்துக்கள் எவை, அவற்றுள் மிகுதியாக வருவன எவை, எந்த எழுத்து எதனோடு மயங்கும் என்பன பற்றிய ஒரு கருத்து ஒவ்வொரு தளக்கோலத்திலும் உள்ளுறையாக அமைந்துள்ளது.

இந்தியாவில் விற்பனையாகும் மடிக்கணினிகளின் விசைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்களே பொறிக்கப்பட்டுள்ளன. எனவே அவற்றில் தமிழ் எழுதுவோரின் தளக்கோலம் கண்ணுக்குப் புலனாவதில்லை. அது மென்பொருளில் மட்டுமே உள்ளது. லினக்ஸ் இயங்குதளத்தில் இம்மென்பொருட் பகுதி, எவரும் படித்தறிந்து திருத்தக்கூடிய உரைக்கோப்புக்களாக வைக்கப்பட்டுள்ளது. இதனால் விசைப்பலகையைத் தம் விருப்பிற்கேற்ப அமைத்துக்கொள்ளும் வழக்கம் லினக்ஸ் பயனாளரிடையே தொடக்கம் முதலே நிலவி வருகிறது.

இவ்வழக்கத்தின் வரலாற்றைத் தமிழை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மொழியறிவு விசைப்பலகையின் எந்த அடுக்கில் வைக்கப்படுகிறது என்னும் வினாவே இங்கு மையமாக அமைகிறது. மடிக்கணினியின் தொடுபலகையும் இவ்வினாவோடு தொடர்புடையது என்பது கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படும்.

1. பொறித்த எழுத்தும் நகரா விசையும்

ஷோல்ஸ்–கிளிடன் தட்டச்சுப் பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்றைய ஆங்கில விசை வரிசைக்கு மூலமாக அமைந்தது இப்பொறியே. தட்டச்சுப் பொறியில் விசையும் எழுத்தும் பிரிக்க இயலாதவை. விசையை அழுத்தினால் அதனோடு பிணைந்த உலோக அச்சு தாளில் பதியும். வேறோர் எழுத்து வேண்டுமெனில் அச்சையே மாற்ற வேண்டும்.

தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களை ஐம்பதிற்கும் குறைவான விசைகளில் அடக்குவது இப்பொறியில் பெருஞ்சிக்கலாயிற்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா வகுத்த தமிழ்த் தட்டச்சு அமைப்பு, நகரா விசை என்னும் உத்தியால் இச்சிக்கலைத் தீர்த்தது. நகரா விசையை அழுத்தும்போது குறி தாளில் பதியும். ஆனால் உருளை நகராது. அடுத்து அடிக்கப்படும் எழுத்தும் அதே இடத்தில் பதிவதால், இரண்டும் சேர்ந்து ஓரெழுத்தாகத் தோன்றும். கொம்பு முதலான முன்னொட்டுக் குறிகள் தாளில் நிற்கும் வரிசையிலேயே அடிக்கப்பட்டன. ஆகவே தட்டச்சு முறை எழுத்தின் ஒலி வரிசையைப் பின்பற்றவில்லை; அதன் வடிவ வரிசையையே பின்பற்றியது.

நகரா விசை என்னும் கருத்து தட்டச்சுப் பொறியோடு மறையவில்லை. ஐரோப்பிய மொழிகளின் ஒலிக்குறிகளை இடுவதற்காக லினக்ஸ் விசை அட்டவணைகளில் இன்றும் அது அதே பெயருடன் வழங்குகிறது. உருளையே இல்லாத கருவியில் உருளை நகராமையைக் குறிக்கும் சொல் நிலைத்திருப்பது, எழுதுகருவிகளின் வரலாறு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வளர்வதைக் காட்டுகிறது.

2. விசையும் குறியும் பிரிதல்

2.1. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியின் விசைப்பலகை, எழுத்தை அனுப்புவதில்லை. அழுத்தப்பட்ட விசை எது என்பதைக் காட்டும் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எழுத்தை வழங்குவது மென்பொருளின் வேலை. தட்டச்சுப் பொறியில் ஒன்றாக இருந்த இரண்டும் இவ்வாறு பிரிந்தன.

மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர முறை, 1987இல் தன் பதினோராம் பதிப்பை எட்டியது. இம்முறை மேற்கண்ட பிரிவை ஒரு கோட்பாடாகவே ஆக்கியது. ஒவ்வொரு விசைக்கும் 8 முதல் 255 வரையிலான ஓர் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒன்றோ பலவோ ஆகிய குறிகள். குறியிலிருந்து எழுத்து என மூன்று அடுக்குகள் வகுக்கப்பட்டன. ஒலிப்பிடம், ஒலி, ஒலியன் ஆகியவற்றைப் பிரித்துக் காணும் மொழியியலார்க்கு இத்தகைய பகுப்பு புதிதன்று.

இரண்டாம் அடுக்கைப் பயனாளர் தாமே மாற்றிக்கொள்ள எக்ஸ்மோட்மேப் என்னும் சிறு கருவி உதவியது. இன்ன எண்ணுக்கு இன்ன குறி என ஒரு வரி எழுதினால் விசையின் பொருள் மாறிவிடும். லினக்சின் கருநிரலை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டபின், எக்ஸ் சாளர முறையும் அதன் கருவிகளும் அத்தளத்திற்கு வந்து சேர்ந்தன.

2.2. எக்ஸ்மோட்மேப் முறையில் ஒரு குறைபாடு இருந்தது. அதில் விசைகளின் எண்கள் மட்டுமே தெரிந்தன. ஒரு விசை பலகையில் எங்குள்ளது என்பது தெரியவில்லை. கணினிக்குக் கணினி எண்கள் வேறுபட்டால் அட்டவணையும் பயனற்றதாகும். சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ஃபார்ச்சூன் வரையறுத்து, 1996இல் எக்ஸ் முறையின் ஒரு பகுதியாக ஏற்கப்பட்ட எக்ஸ்கேபி என்னும் விரிவாக்கம் இக்குறையை நீக்கியது. இதில் ஒவ்வொரு விசையும் தான் நிற்கும் வரிசை, அவ்வரிசையில் அதன் முறை ஆகிய இரண்டாலும் பெயர் பெறுகிறது. எழுத்துக்கள் அப்பெயர்களோடு இணைக்கப்படுகின்றன. எனவே ஒரு மொழிக்கு ஒருமுறை எழுதப்பட்ட தளக்கோலம் எல்லாக் கணினிகளிலும் பொருந்துகிறது.

ஷிஃப்ட் முதலிய விசைகளோடு சேர்த்து அழுத்தும்போது கிடைக்கும் மேல்நிலைகளையும், ஒரே பலகையில் பல மொழிகளை மாற்றி மாற்றி ஆளும் தொகுதிகளையும் எக்ஸ்கேபி வரையறுத்தது. எனினும் ஒரே நேரத்தில் நான்கு தொகுதிகளுக்குமேல் வைத்துக்கொள்ள இயலாது. இரு மொழிகளுக்கிடையே பணியாற்றும் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வரம்பு போதுமானது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றோடு ஆங்கிலத்தையும் ஆளும் ஒப்பிலக்கண ஆய்வாளருக்கு அது போதாது.

3. இன்ஸ்கிரிப்டும் தமிழும்

இந்திய அரசின் மின்னணுவியல் துறை, இந்திய எழுத்துக்கள் அனைத்திற்கும் பொதுவான இன்ஸ்கிரிப்ட் தளக்கோலத்தை 1986இல் வகுத்தது. 1991ஆம் ஆண்டின் ஐ.எஸ். 13194 என்னும் இந்தியத் தரத்தில் இது இடம்பெற்றது. உயிர்கள் இடப்பக்கத்திலும் மெய்கள் வலப்பக்கத்திலும் அமைய, எழுத்துக்களை ஒலி வரிசையிலேயே அடிப்பது இதன் அடிப்படை. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துக்களின் ஒற்றுமையே இதற்கு ஆதாரம். க என்னும் எழுத்து எல்லா மொழிகளிலும் ஒரே விசையில் நிற்கிறது. ஒரு மொழியில் பழகியவர் பிற மொழியையும் அடிக்கலாம் என்பது இந்திய மொழிகளுக்கிடையே பணியாற்றும் மொழிபெயர்ப்பாளருக்கு உண்மையான நன்மையாகும்.

அப்பொதுமைக்குத் தமிழ் கொடுக்கும் விலையும் உண்டு. ஐந்து வர்க்கங்களின் இருபது வல்லெழுத்துக்களுள் க, ச, ட, த, ப என்னும் ஐந்தும் கிரந்த எழுத்தாகிய ஜ ஒன்றும் போக, எஞ்சிய பதினான்கின் இடங்கள் தமிழில் வெறுமையாகின்றன. ஆங்கில ஐ, ஓ, ஒய் ஆகிய எழுத்துக்களும் திறப்புச் சதுர அடைப்பும் பொறித்த நான்கு விசைகளும் இரு நிலைகளிலும் பயனற்று நிற்கின்றன. மறுபுறம், தமிழில் பயிலும் எழுத்துக்கள் சில மேல்நிலைக்குத் தள்ளப்பட்டன. ந இருக்கும் விசையின் மேல்நிலையில் ன, ர இருக்கும் விசையின் மேல்நிலையில் ற, ல இருக்கும் விசையின் மேல்நிலையில் ள, வ இருக்கும் விசையின் மேல்நிலையில் ழ, ம இருக்கும் விசையின் மேல்நிலையில் ண என அவை அமைந்தன.

தமிழில் ன மிகுதியாகப் பயிலும் எழுத்து. ஆண்பாற் படர்க்கை விகுதியிலும், தன்மை ஒருமை வினைமுற்றிலும், இறந்தகால இடைநிலைகளிலும் அது வருகிறது. அவ்வெழுத்தை அடிக்க ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட் விசை தேவைப்படுகிறது. நான்கு விசைகளோ வெறுமையாக உள்ளன. ‘அவன்’ என்னும் சொல்லை இன்ஸ்கிரிப்டில் அடிக்க நான்கு விசைகளோடு இருமுறை ஷிஃப்டும் சேர்த்து ஆறு அழுத்தங்கள் வேண்டும். எழுத்துக்களின் வரலாற்று உறவை ஒரு பலகை நன்கு உணர்த்தலாம். ஆயினும் ஒரு மொழியின் எழுத்துப் பயில்வை அது உணர்த்தாமற் போகலாம் என்பதற்கு இது தெளிவான சான்று.

4. தமிழ்99: மெய்ம்மயக்கம் விசையேறுதல்

4.1. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டினையொட்டித் தமிழ்99 தளக்கோலம் உருவாகி, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றது. இதிலும் உயிர்கள் இடப்பக்கத்திலும் மெய்கள் வலப்பக்கத்திலும் உள்ளன. அடிப்படைத் தமிழெழுத்துக்களுள் ஆய்தம் ஒழிந்த அனைத்தும் ஷிஃப்ட் இன்றியே கிடைக்கின்றன. கிரந்த எழுத்துக்களும் ஆய்தமும் மேல்நிலையில் வைக்கப்பட்டுள்ளன. ‘அவன்’ என்பதற்கு இங்கு நான்கு அழுத்தங்களே போதும்.

இட ஒதுக்கீட்டைக் காட்டிலும் இதன் விதிகளே மொழியியலார் கருதத்தக்கவை. முதலாவதாக, உயிருக்கு ஒரு விசை மட்டுமே உண்டு. சொல்லின் முதலில் அதனை அழுத்தினால் தனியுயிரும், மெய்க்குப்பின் அழுத்தினால் உயிர்மெய்க் குறியும் வரும். இரண்டாவதாக, ஒரே மெய்யெழுத்து விசையை இருமுறை அழுத்தினால் முன்னது தானாகவே புள்ளி பெறும். க, க என அடித்தால் ‘க்க’ வரும். மூன்றாவதாக, மெல்லெழுத்தையடுத்து அதன் இனமான வல்லெழுத்து வந்தால் மெல்லெழுத்து புள்ளி பெறும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் ஆறும் இவ்வாறு அமைவன.

4.2. பின்னிரு விதிகளும் தமிழ் இலக்கண மரபு உடனிலை மெய்ம்மயக்கம், வேற்றுநிலை மெய்ம்மயக்கம் எனப் பகுத்துக் கூறும் பொருளையே தழுவியவை. தன்னொடு தான் மயங்கும் மெய்கள் முதல்வகையில் அடங்கும். ர, ழ இரண்டும் தம்மொடு தாம் மயங்குவதில்லையாதலின் அவற்றிற்கு முதல் விதியால் பயனில்லை. இனவெழுத்து மயக்கம் வேற்றுநிலை மயக்கத்தின் ஒரு கூறாகும். தொல்காப்பியம் நூன்மரபில் பேசும் ஒரு மொழியமைப்பு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விசைப்பலகையின் விதியாயிற்று எனலாம்.

இதனால் விளையும் சிக்கனத்தைச் சில சொற்கள் காட்டும். ‘மன்றம்’ என்பதற்கு இன்ஸ்கிரிப்டில் ஷிஃப்ட் உட்பட எட்டு அழுத்தங்கள், தமிழ்99இல் ஐந்து. ‘தங்கம்’ என்பதற்கு முன்னதில் ஏழு, பின்னதில் ஐந்து. ‘வண்டி’ என்பதற்கு முறையே ஆறும் நான்கும்.

விதி என்றால் விலக்கும் உண்டு. விதியை அப்படியே கடைப்பிடித்தால் ‘நதி’ என அடிக்க முயல்வார்க்கு ‘ந்தி’ கிடைக்கும். ‘தத்தை’ என்பதிலும் முதல் இரு தகரங்கள் ஒட்டிக்கொள்ளும். அகரமேறிய மெய்க்குப்பின் அ விசையை அழுத்திப் புள்ளியைத் தடுக்கலாம் என்பது இதற்கான விலக்கு விதி. எனவே ‘நதி’ என்பதற்கு நான்கு அழுத்தங்கள் வேண்டும். இன்ஸ்கிரிப்டில் மூன்றே போதும். மயக்க விதி சொல்லின் இடையிலேயே செயற்படுவது. மொழிமுதலில் மெய் புள்ளியோடு வருவதில்லை என்பதும் இலக்கண மரபே. அவ்வரையறையையும் விதியில் சேர்த்திருப்பின் இவ்விடர் பெரிதும் குறைந்திருக்கும். இலக்கணத்திலிருந்து எந்த அளவு எடுத்துக்கொள்வது என்பதே இங்கு வினா.

5. அட்டவணையின் எல்லை

5.1. எக்ஸ்கேபி தொகுப்பில் இந்தியாவிற்கான கோப்பில் தமிழுக்கு இன்ஸ்கிரிப்டும் தமிழ்நெட்99 வகைகளும் உள்ளன. தமிழ் எண்களோடு கூடிய வகைகளும், டேப், டிஸ்கி என்னும் பழைய குறியேற்றங்களுக்கான வகைகளும் அதில் இடம்பெற்றன. இலங்கைக்கான கோப்பிலும் தமிழுக்குத் தனியிடம் உண்டு. ஆனால் இக்கோப்புக்களில் உள்ள தமிழ்99, முழுமையான தமிழ்99 அன்று.

இதற்குக் காரணம் எக்ஸ்கேபியின் இயல்பிலேயே உள்ளது. அது ஓர் அட்டவணை; விசை ஒன்றுக்கு ஒரு நிலையில் ஒரு குறி. முன்னர் அழுத்திய விசை எது என்பதை அது நினைவிற் கொள்வதில்லை. எனவே உயிர் விசை சூழலுக்கேற்பத் தனியுயிராகவும் குறியாகவும் மாற இயலாது; இரண்டிற்கும் தனித்தனி இடம் ஒதுக்க வேண்டும். தானியங்கிப் புள்ளியும் இயலாது. ‘ஸ்ரீ’ போன்று பல குறியெண்களால் ஆகிய எழுத்தை ஒரே அழுத்தத்தில் தருவதும் எக்ஸ் முறையில் இயலாது. இன்ஸ்கிரிப்ட் சூழல் சாராததாதலின் இவ்வட்டவணையில் எளிதில் பொருந்தியது. தமிழ்99 சூழல் சார்ந்ததாதலின் பொருந்தவில்லை.

5.2. சூழல் சார்ந்த எழுத்துமுறைகளை ஆள லினக்சில் உள்ளீட்டு முறை என்னும் வேறோர் அடுக்கு உள்ளது. சீனம், சப்பானியம் ஆகிய மொழிகளின் தேவையால் வளர்ந்தது இது. ஈமேக்ஸ் என்னும் பதிப்பிமென்பொருளுக்குப் பன்மொழி வசதியை வழங்கிய கெனிச்சி ஹாண்டாவும் அவர்தம் சப்பானியக் குழுவினரும் பின்னர் எம்17என் நூலகத்தை உருவாக்கினர். அதன் எம்17என் தரவுத் தொகுப்புக்களில் இன்ஸ்கிரிப்ட், தமிழ்99, தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை, இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் முறை என்பன தமிழுக்குத் தனித்தனிக் கோப்புக்களாக உள்ளன. 2008இல் தோன்றிய ஐபஸ் முதலான சட்டகங்களின் வழியே பயனாளர் அவற்றை ஆள்கின்றனர். இக்கோப்புக்களில் இருப்பவை நிலைகளும் விதிகளுமாகும். ‘இன்ன எழுத்திற்குப்பின் இன்ன விசை வந்தால் இன்னது செய்க’ என்னும் அவற்றின் யாப்பு, எழுத்திலக்கண நூற்பாவின் யாப்பை ஒத்தது.

இவற்றை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ‘நதி’ பற்றி மேலே கூறிய மொழிமுதல் வரையறையை வேண்டுவோர் தம் கணினியில் அவ்விதியைத் தாமே எழுதிச் சேர்க்க இயலும். வணிக மென்பொருளில் உற்பத்தியாளரின் இசைவு வேண்டிய செயல் இங்கு ஒரு மொழியறிஞரின் கைவேலையாகிறது.

6. மடிக்கணினியில் நேர்ந்த மாற்றங்கள்

6.1. மடிக்கணினியின் பலகை சிறியது. பயனாளர் அதனைக் கழற்றி மாற்ற இயலாது. ஆகவே உள்ள விசைகளின் பொருளை மாற்றுவது இங்கு இன்றியமையாததாகிறது. கேப்ஸ் லாக் விசை இதற்குச் சான்று. 1981ஆம் ஆண்டின் ஐபிஎம் பலகையில் ஏ எழுத்தின் இடப்பக்கம் இருந்தது கன்ட்ரோல் விசை. பின்னர் வந்த 101 விசைப் பலகை அவ்விடத்தைக் கேப்ஸ் லாக்கிற்கு வழங்கியது. கைவிரலுக்கு மிக அண்மையிலுள்ள இவ்விசையைப் பழைய யூனிக்ஸ் பயனாளர் மீண்டும் கன்ட்ரோலாக மாற்றிக்கொண்டனர்.

தமிழுக்கு இம்மாற்றம் வேறொரு பொருளுடையது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. எனவே கேப்ஸ் லாக்கிற்குத் தமிழில் பணியே இல்லை. அதனைத் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் இடையே மாறும் விசையாக அமைப்பதற்கு எக்ஸ்கேபியில் ஆயத்தமான விருப்பத் தேர்வு ஒன்று உள்ளது. இருமொழி எழுதும் மொழிபெயர்ப்பாளர் ஒரு நாளில் பலநூறு முறை செய்யும் செயல் ஒற்றை அழுத்தமாகிறது. இதேபோல் வலப்புற ஆல்ட் விசையைக் கூட்டு விசையாக்கி, மேற்கோடிட்ட நெடில்களையும் கீழ்க்கோடிட்ட மெய்களையும் வேண்டும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பை இடலாம். கூட்டு வரிசைகளின் பட்டியலும் ஓர் உரைக்கோப்பே.

6.2. மடிக்கணினியின் மற்றொரு கூறு தொடுபலகை. 1994இல் வெளிவந்த ஆப்பிளின் பவர்புக் 500 வரிசைக்குப்பின் இது பரவலாயிற்று. விசைகளுக்குக் கீழே, உள்ளங்கை படியும் இடத்தில் இது அமைந்தது. அடித்துக்கொண்டிருக்கையில் கை பட்டால் சுட்டி வேறிடத்திற்குத் தாவும்.

சூழல் சார்ந்த உள்ளீட்டு முறையில் இவ்விடையூறு எழுத்துப்பிழையாகவே விளைகிறது. ‘கி’ என அடிக்கும்போது க விசைக்கும் இ விசைக்கும் இடையே சுட்டி தாவுமாயின் முறையின் நினைவு அறுந்துபோகும். ககரம் ஓரிடத்திலும், குறியாக வரவேண்டிய இகரம் தனியுயிராக வேறிடத்திலும் நிற்கும். சுட்டிக்கு முன்னுள்ள எழுத்து எது எனப் பல மென்பொருள்கள் உள்ளீட்டு முறைக்கு அறிவிப்பதில்லையாதலின் அது தானே மீளவும் இயலாது. ஓர் எழுத்துக்கு ஓர் அழுத்தம் என்னும் ஆங்கிலத்தில் இடம் மட்டுமே பிறழ்கிறது. தமிழில் எழுத்தே சிதைகிறது.

சினாப்டிக்ஸ் தொடுபலகைகளுக்கான லினக்ஸ் இயக்கியோடு வந்த ஒரு துணைக்கருவி, விசைகள் அழுத்தப்படும்போது தொடுபலகையைச் சிறிது நேரம் செயலற்றதாக்கியது. 2014 முதல் வளர்ந்த லிப்இன்புட் நூலகம் இதனைத் தன்னகத்தே கொண்டது. தொடுகையின் இடம், அழுத்தம் ஆகியவற்றால் உள்ளங்கையை இனங்காணும் முறைகளும் அதில் உண்டு. அது மடிக்கணினியின் உட்பலகையையும் தொடுபலகையையும் ஓரிணையாகக் கொள்கிறது. வெளியே இணைத்த பலகையை அவ்வாறு கொள்வதில்லை.

இங்கு ஓர் எதிர்பாரா விளைவு நேர்கிறது. விசைகளை அடிநிலையிலேயே மாற்றும் சில கருவிகள், மென்பொருளால் ஆகிய ஒரு போலிப் பலகையைப் படைத்து அதன் வழியே எழுத்துக்களை அனுப்புகின்றன. லிப்இன்புட் அதனை வெளிப்பலகையாகக் கருதுவதால் உள்ளங்கைக் காப்பு நின்றுவிடும். அப்போலிப் பலகை மடிக்கணினிக்கு உட்பட்டதே என ஒரு கோப்பில் எழுதிவைத்தால் காப்பு மீளும். விசையமைப்பும் தொடுபலகை அமைப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதனை இது காட்டுகிறது.

தொடுபலகையை அணைக்கும் விசையின் வரலாறும் இத்தகையதே. கருநிரலில் அதற்குரிய எண், எக்ஸ் முறையின் 255 என்னும் எல்லையைக் கடந்தது. எனவே வன்பொருள் அட்டவணையில் எஃப்21 என்னும் குறி அதற்கு இரவலாகத் தரப்பட்டது. மடிக்கணினிகளின் பலகையில் எஃப்21 என்றொரு விசை இல்லை. வழக்கில் இல்லாத ஒரு குறிக்குப் புதுப்பொருள் ஏற்றப்பட்டமை, எழுத்து வரலாற்றில் காணும் நிகழ்வுகளை ஒத்தது.

7. நிலைபேறு பற்றிய வினா

எளிதில் மாற்றக்கூடியது எளிதில் இழக்கவும்படும். எக்ஸ் முறைக்கு மாற்றாக 2008இல் தொடங்கிய வேலண்டு, இன்று முதன்மையான லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் இயல்பமைவாக உள்ளது. அதன் மென்பொருள்களில் எக்ஸ்மோட்மேப் பயன்படுவதில்லை. அக்கருவிக்கென எழுதிவைத்த தனியாள் அமைவுகள் இதனால் செயலிழந்தன. எக்ஸ்கேபி வடிவில் எழுதப்பட்ட தளக்கோலங்கள் மட்டும் தப்பின; வேலண்டும் அவ்வடிவினையே ஏற்றுக்கொண்டதே காரணம். பயனாளரின் சொந்தக் கோப்புறையிலிருந்தே இவற்றை ஏற்கும் வசதியும் லிப்எக்ஸ்கேபிகாமனில் உண்டு.

இதிலிருந்து பெறப்படும் பாடம் எளிது. ஒரு கணினியின் எண்களைச் சார்ந்து எழுதப்பட்டவை மறைந்தன; விசையின் இடத்தையும் எழுத்தின் பெயரையும் சார்ந்து எழுதப்பட்டவை நிலைத்தன. கருவி மாறினும் விவரணம் நிற்கும்.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1) தட்டச்சு முறை எழுத்தின் வடிவத்தையும், இன்ஸ்கிரிப்ட் எழுத்துக்களின் வரலாற்று உறவையும், தமிழ்99 எழுத்துக்களின் மயக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. மூன்றும் தமிழ் எழுத்து முறை பற்றிய மூன்று வேறு பார்வைகள்.

2) மொழியறிவை வைக்கும் அடுக்கு மாறும்போது பயனும் மாறுகிறது. நினைவற்ற அட்டவணையில் வைக்க இயலாத மயக்க விதிகள், நினைவுடைய உள்ளீட்டு முறையில் இடம்பெறுகின்றன. அம்முறை சூழலைச் சார்வதால், தொடுபலகை போன்ற புறக்கூறுகளாலும் தாக்கமுறுகிறது.

3) தளக்கோலங்கள் உரைக்கோப்புக்களாக இருப்பதால், தமக்கு ஒவ்வாத முடிவுகளைத் திருத்தும் வாய்ப்பு மொழியினர்க்குக் கிடைத்துள்ளது. அவ்வாய்ப்பு இதுவரை பெரும்பாலும் பொறியாளராலேயே பயன்படுத்தப்பட்டுள்ளது.

மூன்றாவதாகக் கூறியதே உடனடியாகக் கருதத்தக்கது. மொழிமுதலில் புள்ளியெழுத்து வாராது என்னும் ஒரு வரையறை, நாள்தோறும் தமிழடிப்போரின் இடையூறு ஒன்றை நீக்க வல்லது. அதனை அறிந்தவர் இலக்கணம் கற்றோர். அதனை எழுத வேண்டிய கோப்பு அவர்கள் பார்வைக்கு வந்ததில்லை. தளக்கோலங்களின் விதிகளை எந்த ஒரு மென்பொருளையும் சாராத விவரணங்களாகத் தொகுத்து, விதிக்கும் விலக்குக்கும் உரிய சோதனைச் சொற்களோடு வெளியிடுவது மொழி நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அதற்கு வேண்டிய அறிவு நூன்மரபிலும் மொழிமரபிலும் முன்னரே உள்ளது.